படையலுக்கு வைத்த சோடா

இராஜரட்ணம் அண்ணை கதவைத் தட்டி, காரில் ஒருக்காக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டபோது, மரக்கறி ஏதோ குறைகிறதாக்கும் என்றுதான் நினைத்தேன். அன்று அவருடைய மகன் வாகீசனின் எட்டுச்செலவு. பதினெட்டு வயதுப் பிள்ளை. சிநேகிதனின் கார் பனியில் வழுக்கிப் பாலத்தில் மோதியதில் போய்விட்டான். மல்வேர்ன் அடுக்குமாடிக் கட்டடத்தில் எங்களுக்கு ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவு. அந்தக் கிழமை முழுக்க அவர்களுக்குத் தேத்தண்ணி என் வீட்டிலிருந்துதான் போனது.

நாங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிற ஆட்கள், எங்களுக்குப் படையல் கிடையாது. அவர்கள் எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் வாழையிலையில் வைக்க வேண்டும். தாய் சந்திரவதனா விடியத்தொடங்கி நண்டும் கத்தரிக்காயுமாக அழுதழுது சமைத்துக்கொண்டிருந்தா. தகப்பன் தன் பங்குக்கு என்ன வைப்பது என்று யோசித்து, ஒரு சோடாவைக் கண்டுபிடித்திருக்கிறார்.

பெற்றோல் அடிக்கிற காஸ் ஸ்ரேசன் கடையில் சோடா மெசின் இருக்கிறதே, வரிசையாகக் குழாய்களோடு. வாகீசன் சின்னவனாக இருக்கும்போது எல்லாக் குழாயிலும் கொஞ்சம் கொஞ்சம் பிடித்து ஒன்றாகக் கலந்து குடிப்பானாம். கோலா, ஒரேஞ், ஜின்ஜர் ஏல், பெயரில் மட்டும் பியர் உள்ள றூட் பியர் எல்லாம் ஒரே கப்பில். வயிறு கெடும் என்று இவர் பேசுவாராம். ஒருக்காக் குடிச்சுப் பாருங்கோவன் அப்பா என்று அவன் நீட்டினால், இரவு வேலைக்கு நேரமாகிறது என்று தள்ளிவிடுவாராம். காரில் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவேயில்லை.

ருசி தெரியாத மனுசன் எப்படிக் கலப்பது? ஞாபகத்தில் இருந்த நிறத்தை வைத்துக் கலந்தார். முதல் கப்பை வெளிச்சத்துக்குப் பிடித்து, கறுத்துப்போச்சு என்றார். அடுத்தது வெளிறிப்போச்சு. பின்னால் காத்து நின்றவர்கள் முறைத்தார்கள், நானும் திருப்பி முறைத்தேன். கடைசியில் செம்மை கலந்த மண்ணிறத்தில் ஒன்று வந்ததும், உதுதான் என்றார். ஒரு வாய் பாருங்கோவன் என்றேன். படைப்பதற்கு முன் வீட்டுக்காரர் ருசி பார்க்கக் கூடாதாம். வேறொரு கப்பில் கொஞ்சம் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

கைகால் உளைவுக்குப் பூசுகிற தைலத்தில் சீனியைக் கரைத்து, தோடம்பழம் பிழிந்ததுபோல் இருந்தது. வேறு நேரமென்றால் அந்த இடத்திலேயே துப்பியிருப்பேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளையளுக்குப் பிடிக்கும் அண்ணை" என்றேன்.

அந்த முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. 

வீடு வரும்வரை கப்பை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். காஸ் போய்விட்டதோ என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் போகாமல் என்ன செய்யும்? அதையும் நான் சொல்லவில்லை. வாயை அடக்குவது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

கறிகளுக்கு நடுவில் கடதாசிக் கப்பை வைத்தார். தேவாரம் பாடிக் கற்பூரம் காட்டியபின், அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். அவன் வந்து சாப்பிடும் நேரமாம். பிறகு கதவைத் திறந்து, படைத்ததை எல்லோருக்கும் பகிர்ந்தார்கள். கப்பை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அண்ணை எடுத்துக் குடித்தார். முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. அவன் அப்பவே சொன்னவன்" என்றார்.

மகள் சிவானி சுவரோடு சாய்ந்து நின்றாள். அண்ணனுக்கு மூன்று வயது இளையவள்.

"அப்பா, அண்ணா இப்பிடிக் கலக்கிறதை எப்பவோ விட்டிட்டான். கிரேட் செவனிலையே. சோடாவே தொடமாட்டான்."

மெல்லத்தான் சொன்னாள். எனக்கு அவளுடைய வாயைப் பொத்த வேண்டும்போல் கோபம் வந்தது. இப்போது இதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? அதற்குள் அவர், அப்படியென்றால் என்ன குடிப்பான் என்று கேட்டுவிட்டார்.

"கோப்பி. பாலும் இல்லை, சீனியும் இல்லை, நீங்கள் குடிக்கிற மாதிரி. நீங்கள் வேலையால வந்து படுத்த பிறகு, உங்கட பிளாஸ்கிலை மிச்சம் கிடக்கிறதை ஊத்திக் குடிச்சிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போறவன். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவன்."

சந்திரவதனாவும் இதை இப்போதுதான் கேள்விப்படுகிறா என்பது முகத்தில் தெரிந்தது. அண்ணை கப்பைத் திரும்ப வாய்க்குக் கொண்டுபோனார். படைத்ததைக் கொட்டக் கூடாது என்பதற்காக, கிடந்ததை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பிறகு ஒருவரையும் பார்க்காமல் சொன்னார்:

"தெரிஞ்சிருந்தால் பிளாஸ்கிலை இன்னும் கொஞ்சம் மிச்சம் விட்டிருப்பனே."