தேய்ந்த பிரேக் கட்டை

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு முன்பு மரால்பேக் அகாய் என் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கிளப்பின் பயிற்சியாளர் அவர்; ஆசிரியரை நாங்கள் அகாய் என்றுதான் கூப்பிடுவோம். பின்சக்கரத்துப் பிரேக் கட்டையைக் கட்டைவிரலால் தடவினார்.

"ஏம்மா தோக்ஜான், ரெண்டாம் குழு ஓட்டுற ரோட்டுல எத்தன வளைவு இருக்கு?"

"ஒண்ணும் இல்ல அகாய்."

"இறக்கம்?"

"இல்ல."

"அப்ப கட்டைய எலி தின்னுச்சா?"

நான் தரையைப் பார்த்தேன். பள்ளியிலும் கேள்வி கேட்டால் இப்படித்தான் நிற்பேன். ஒன்பதாம் வகுப்போடு அங்கே போவதை விட்டுவிட்டேன். அகாய் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புதுக் கட்டைகளை மாட்டி, சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்தார்.

"நல்லாப் பிடிக்கும். பாத்து."

தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டாம் குழுவில் மூன்று முறை முதலில் வந்தால் முதல் குழுவுக்கு ஏற்றிவிடுவார்கள். ஏற்றுவது என்றால் நிஜமாகவே மலைமேல். முதல் குழு கணவாய்வரை ஏறி அதே வழியில் இறங்கும். போன வசந்தத்தில் அந்தக் குழுவின் ஷோல்பான் இறக்கத்தில் விழுந்து கிளப்புக்கு வந்தபோது நான்தான் அவள் முகத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு பக்கம் புருவமே இல்லை. கன்னத்தில் சரளை பதிந்திருந்தது. அவளோ சிரித்துக்கொண்டு, "அடுத்த வாரம் இன்னும் வேகமா வருவேன்" என்றாள். அந்தச் சிரிப்பு என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

நான் ஏற்கெனவே இரண்டு முறை ஜெயித்துவிட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு பந்தயத்திலும் முடிவுக்கோடு நெருங்கும்போது பின் பிரேக்கை இரண்டு விரலால் மெல்ல அழுத்துவேன். இரண்டாவதாக வருவேன். ஓட்டாமல் இருக்கவும் முடியவில்லை. தலையைக் கவிழ்த்துக் காற்றுக்குள் மிதிக்கும்போது மட்டும்தான் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

ரவுஷானும் இரண்டு முறை ஜெயித்தவள். அவள் வாய் சும்மா இருக்காது. கிளம்பும் இடத்தில் என் விலாவில் இடித்தாள்.

"என்னடி, புளிச்ச குதிரப்பால் குடிச்ச மாதிரி மூஞ்சிய வச்சிருக்க? இன்னைக்கு உன்ன மலைக்கு அனுப்பாம விடமாட்டேன்."

"நீயே போ."

"அட, ஊமை பேசுது!"

கடைசிக் கிலோமீட்டரில் நாங்கள் இருவர் மட்டும் முன்னால் பிரிந்து வந்துவிட்டோம். மற்றவர்கள் பின்னால் கூட்டமாகத் துரத்தினார்கள். சுண்ணாம்புக் கோடும் அதன் அருகே அகாயின் சிவப்புத் தொப்பியும் தெரிந்தன. ரவுஷான் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தாள். முந்திப் போகட்டும் என்று பிரேக்கை அழுத்தினேன்.

புதுக் கட்டை. பின்சக்கரம் கிறீச்சிட்டு வழுக்கியது. உடல் முன்னால் பாய்ந்தது. விழப்போகிறேன் என்று நினைத்தேன். அதே கிறீச் சத்தம் பக்கத்திலும் கேட்டது. திரும்பினேன். ரவுஷானின் விரல்களும் பிரேக்கின் மேல்தான் இருந்தன. எப்போதும் சிரிக்கிற அந்த முகம் சாம்பல் நிறமாகியிருந்தது.

இருவரும் நடுச்சாலையில் கிட்டத்தட்ட நின்றுவிட்டோம்.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம். சங்கிலிகள், டயர்கள், யாரோ "வழி! வழி!" என்று அலறுவது. மொத்தக் கூட்டமும் முழு வேகத்தில் எங்கள் முதுகை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஒதுங்க இடமில்லை. ஷோல்பானின் கன்னம் கண்முன் வந்தது. பிரேக்கை விட்டேன். என் வாழ்நாளில் அப்படி மிதித்ததில்லை. ஜெயிப்பதற்காக அல்ல, ஓடித் தப்புவதற்காக. ரவுஷான் "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டே கூடவே வந்தாள்.

கோட்டைத் தாண்டிப் புல்லில் சைக்கிளோடு சரிந்தோம்.

"நீ எதுக்குடி பிடிச்ச?" என்றாள் மூச்சு வாங்க.

"நீ எதுக்கு?"

அவள் பற்கள் தந்தியடித்தன.

அகாய் வந்து எங்கள் தலைக்குமேல் நின்றார். "முப்பது வருஷமாப் பந்தயம் பாக்குறேன். ரெண்டாவது வர்றதுக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டத இன்னைக்குத்தான் பாக்குறேன். யாரு முன்ன வந்தான்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கவும் வேணாம். ரெண்டு பேரும் மேல போங்க."

அடுத்த ஞாயிறு கணவாயின் உச்சியில் நின்றோம். கீழே சாலை ஒரு நூல்போல மடிந்து மடிந்து போனது. எங்களுக்குப் பின்னால் ஷோல்பான் உப்புத் தயிருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் புருவம் பாதிதான் வளர்ந்திருந்தது.

"நீ முன்னாடி போ" என்றாள் ரவுஷான்.

"நீ போ."

"எனக்குக் கால் நடுங்குது, தோக்ஜான்."

"எனக்குந்தான்."

பின்னால் காலணிகள் பெடல்களில் ஒவ்வொன்றாக மாட்டும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்; மொத்தக் கூட்டமும் கிளம்பப்போகிறது. உந்திவிட்டேன். காற்று காதில் அறைந்தது. முதல் வளைவு வருவதற்கு வெகு முன்பே பிரேக்கைப் பிடித்தேன், நன்றாக, நான்கு விரலாலும். இங்கே வளைவுகள் இருந்தன. ஏன் பிடித்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.