சுவரோர நாற்காலியில் தூங்கியவர்

1

இந்தக் கதை ஒரு குறட்டையிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய குறட்டை இல்லை. மூக்கு நுனிவரை வந்து, யோசித்து, திரும்பிப் போகிற குறட்டை. பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். பக்கத்து நாற்காலியில் இருந்தவன் நான்.

ஒரு பத்திரிகை ஆசிரியை என்னிடம் கதை கேட்டிருந்தார். ஆன்மிகச் சிறப்பிதழாம். "மகிழ்ச்சி, ஓய்வு, சுயவளர்ச்சி, இந்த மூணும் ஆன்மிகப் பாதைல எப்படிச் சமமா நிக்கணும்னு கதையாச் சொல்லுங்க. தராசு மாதிரி" என்றார். தராசுக்குத் தட்டு இரண்டுதானே, மூன்றாவதை எங்கே வைப்பது என்று கேட்டேன். "அதுதானே கதை!" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

சரி, நேரில் போய்த்தான் பார்ப்போமே என்று ஒரு தியான வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண்மணி. வகுப்பு நடத்துகிறவர் அவரைச் சுட்டிக்காட்டி, "அசைவே இல்லை பாருங்க. நாம எல்லாரும் இந்த நிலைக்குத்தான் வரணும்" என்று கிசுகிசுத்தார். எனக்கோ குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது.

நான் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவரோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. கீழே வருகிற அக்கா, தங்கை, சலவைக்கூடம் எல்லாம் நானாகக் கட்டியவை. அந்தக் குறட்டையை மட்டும் கேட்டபடியே வைத்துக்கொண்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

விடியலின் பொன்னொளி ஜன்னல் வழியே அவள் முகத்தில் படர, உள்ளத்தின் ஆழத்திலிருந்து ஒரு

வேண்டாம். தியான வகுப்பு நடக்கும் கூடத்துக்கு ஜன்னலே கிடையாது. மற்ற நேரங்களில் அது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வகுப்பறை. சுவரெல்லாம் சாலை விதிப் படங்கள்.

இரண்டாம் முயற்சி:

துணியை வெளுப்பதும் மனதை வெளுப்பதும் ஒன்றுதான் என்று அக்காவுக்கு அன்றுதான்

இதையும் அடித்துவிட்டேன். அக்கா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார். படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் உருளை இயந்திரம் அவருடையது. ஈரம் காயாத விரிப்பின் ஒரு மூலையை அக்கா பிடிப்பார், மறு மூலையை எதிரில் நிற்கும் 'ஜோடி' பிடிப்பார். இரண்டு பேரும் ஒரே இழுவையில் சுருக்கம் எடுத்து, சூட்டு உருளையின் வாயில் கொடுத்து, விரல் போவதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். உடனே அடுத்த விரிப்பு. மனதை வெளுக்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

[இந்த இடத்தில் அழகான பத்தி ஒன்று இருந்தது. இஸ்திரி போடுவதே தியானம், உருளையே குரு, நீராவியே தரிசனம் என்று எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. மறுநாள் படித்தபோது, அக்காவின் மணிக்கட்டில் சூடுபட்ட தழும்புகளுக்கு நான் பூப்போட்ட உறை தைத்துக்கொண்டிருப்பது புரிந்தது. எடுத்துவிட்டேன். வேலை வேலைதான். அதற்கு மாலை போடுகிறவர்கள் ஒருநாள் வந்து அந்த உருளை முன்னால் நின்று பார்க்கட்டும்.]

3

அக்காவை வகுப்புக்கு இழுத்துக்கொண்டு வந்தவள் அவருடைய தங்கை. தங்கைக்குத் தியானம் என்றால் உயிர். வருடக்கணக்காக வருகிறாள், முன்வரிசைக்கு அடுத்த வரிசையில், தரையில் விரித்த பாயில் முதுகை நிமிர்த்தி உட்காருகிறாள். அக்காவுக்கு முட்டிவலி என்பதால் சுவரோரமாக ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

முதல் வாரமே அக்கா தூங்கிவிட்டார். அடித்துப் போட்டாற்போல் தூக்கம். ஆனால் உடம்பு நேராக, கை மடியில், தலை சாயாமல். நாளெல்லாம் நின்றே வேலை செய்கிறவர்களுக்கு அப்படி ஒரு தூக்கம் பழகிப்போய்விடும்.

வீட்டில் தூங்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பீர்கள் என்று தெரியும். அக்கா வீட்டில் பகலில் படுத்தால் கணவர் வந்து, "உடம்புக்கு என்ன?" என்பார். ஒன்றுமில்லை என்றால், "அப்ப ஏன் படுத்திருக்க?" என்பார். மகள் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். பாசம்தான். ஆனால் காய்ச்சல் இல்லாமல் படுக்கிற உரிமை அந்த வீட்டில் அக்காவுக்கு இல்லை. வகுப்பில் கண்ணை மூடினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

வினை ஒரு காரால் வந்தது. ஒருநாள் வகுப்பு நடக்கும்போது கீழே தெருவில் நின்ற காரின் அபாய மணி அலறத் தொடங்கியது. எல்லோரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். பாயில் இருந்த தங்கையும் திறந்தாள். வகுப்பு நடத்துகிற கண்ணாடிக் கடைக்காரரும் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். அக்கா மட்டும் இமைகூட அசைக்கவில்லை. இயந்திர இரைச்சலிலேயே காலம் தள்ளுகிறவரைச் சத்தம் எழுப்பாது, அமைதிதான் எழுப்பும். அது அங்கே யாருக்குத் தெரியும்? கார் ஓய்ந்ததும் அக்கா நிதானமாகக் கண் விழித்தார். அறையே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்குள்ள ஒரு ஆழம் இருக்கும்மா" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "அடுத்த வாரம் நீங்க முன்னாடி வந்து, எப்படி இந்த நிலைக்கு வந்தீங்கன்னு எல்லாருக்கும் சொல்லணும். அப்புறம் நீங்க அதிகாலை வகுப்புக்கு வந்துடுங்க. தினமும். தூக்கத்தைக் குறைக்கக் குறைக்க இன்னும் தெளிவு வரும்."

(ஓரக் குறிப்பு: கண்ணாடிக் கடைக்காரரை வில்லனாக்கி விடலாம் என்று ஒரு சபலம் வந்தது. காணிக்கைத் தட்டு, பட்டு அங்கி என்று நாலு வரி போதும், வாசகர்கள் கைதட்டுவார்கள். ஆனால் மனிதர் நல்லவர். ஒரு பைசா வாங்குவதில்லை. வகுப்பு முடிந்ததும் நாற்காலிகளை அவரே அடுக்குகிறார். நல்லவர்கள் நம்மை நல்வழிப்படுத்தும்போது தப்பிப்பதுதான் கஷ்டம்.)

4

மாடிப்படியில் இறங்கும்போது தங்கை அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உண்மையச் சொல்லு. தூங்கினதானே?"

அக்கா மென்று முழுங்கினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரே போர்வைல படுத்து வளந்தவ நான். உன் தூங்கற மூஞ்சி எனக்குத் தெரியாதா? கீழுதடு கொஞ்சம் வெளிய வந்துடும்."

"முதல்ல கொஞ்ச நேரம் அவர் சொன்ன மாதிரி மூச்சைக் கவனிக்கிறேன்டி. நல்லாத்தான் இருக்கு. மனசு லேசாயிடுது. லேசானதும் எங்கயோ போயிடறேன்."

"சரி, போனது போகட்டும். வெளிய சொல்லித் தொலைக்காத. கூட்டிட்டு வந்தவ நான், எனக்குத்தான் அசிங்கம். முன்னாடி போய், 'உள்ள அமைதியா இருந்துச்சு'ன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்துடு. அது பொய்யில்லையே?"

"அமைதியா இருந்துச்சான்னு எனக்கு எப்படிடீ தெரியும்? நான்தான் அங்க இல்லையே."

தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. கண் கலங்கிவிட்டது. "எத்தனை வருஷமா முதுகு விட்டுப்போற மாதிரி உக்காந்து பழகறேன். என்னை ஒருநாள் கூட முன்னாடி கூப்பிட்டதில்ல. உனக்கு அது தானா வந்து விழுது. அதையாவது கெடுக்காம வச்சுக்கக் கூடாதா?"

தங்கை கேட்டது அக்காவுக்கு நியாயமாகவும் இருந்தது, கொடுமையாகவும் இருந்தது.

5

மறுநாள் சலவைக்கூடத்தில் விரிப்பின் மறு மூலையைப் பிடித்தபடியே ஜோடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"சொல்லிட்டா என்ன ஆகும்?"

"எழுந்து போம்பாங்க. நாற்காலி போயிடும். தங்கச்சி பேச மாட்டா."

"சொல்லலன்னா?"

"விடியறதுக்கு முன்னாடி எழுந்து போய்த் தரைல உக்காரணும், அந்த வகுப்புல நாற்காலி கிடையாது. தினமும். அப்புறம் இங்க வந்து நிக்கணும்."

"அப்ப ரெண்டுலயும் தூக்கம் போச்சு."

"ஆமா."

"கையை எடு!" என்று ஜோடி கத்தினார். அக்கா எடுத்துவிட்டார், மயிரிழையில். கதையில் அக்கா இழக்க என்ன இருக்கிறது என்று ஆசிரியை என்னிடம் கேட்டிருந்தார். இதுதான். வாரத்தில் ஒருமுறை கிடைக்கும் அந்த நேரம், யாரும் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத தூக்கம். சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

6

ஆசிரியைக்கு மூன்று முடிவுகள் அனுப்பினேன்.

ஒன்று. அக்கா உண்மையைச் சொல்கிறார். கண்ணாடிக் கடைக்காரர் புன்னகைத்து, "அம்மா, தூக்கமே ஒரு தியானம்தான்" என்கிறார். எல்லோருக்கும் கண்ணீர்.

இரண்டு. அக்கா அதிகாலை வகுப்புக்குப் போகிறார். முதலில் சிரமம். பிறகு பழகி, மெல்ல மெல்ல மலர்ந்து, கடைசியில் வீட்டிலும் வேலையிலும் அவர் முகத்தில் ஒரு

மூன்று. அக்கா வகுப்பையே கைகழுவிவிட்டு வீட்டுக்கு வந்து, "எனக்கு ஓய்வு வேணும்" என்று கணவரிடம் சொல்ல, கணவர் திருந்தி, தலையணையைத் தட்டிப் போடுகிறார்.

"முதல் முடிவு பிரமாதம்" என்றார் ஆசிரியை. "ஓய்வும் இருக்கு, வளர்ச்சியும் இருக்கு."

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் தூக்கம் தியானமாக வேண்டும்? தூக்கம் தூக்கமாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஓய்வு எடுத்தால் நாளை நன்றாக வேலை செய்யலாம், ஓய்வு எடுத்தால் ஆன்மா செழிக்கும், ஓய்வு எடுத்தால் படைப்பாற்றல் பெருகும் என்கிறோம். ஓய்வு எந்த வாசலில் போய் நின்றாலும், வந்த காரணம் என்ன என்று கேட்டுத்தான் உள்ளே விடுகிறோம். மகிழ்ச்சிக்கும் அதே கதி. வளர்ச்சிக்கு மட்டும் அந்தக் கேள்வி கிடையாது. அது ராஜாவைப்போல் வருகிறது, தராசையும் அதுவே கையில் பிடித்துக்கொள்கிறது.

அக்கா மூச்சைக் கவனிக்கும் அந்தக் கொஞ்ச நேரம் நிஜம். அதில் அவருக்குக் கிடைக்கிற சந்தோஷமும் நிஜம். அதன் பிறகு வருகிற தூக்கம் வெறும் தூக்கம். ஒளி இல்லை, தரிசனம் இல்லை, எச்சில்கூட லேசாக வழிந்திருக்கலாம். அந்த வெறும் தூக்கத்துக்குத்தான் நான் வக்காலத்து வாங்குகிறேன்.

"அப்ப கதைல வளர்ச்சியே இருக்காதா?" என்றார் ஆசிரியை.

"இருக்காதுங்க."

"போடறது கஷ்டம்."

"போடாதீங்க."

7

அந்த நாள் வந்தது. அக்கா கூடத்தின் முன்னால் போய் நின்றார். புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் வரிசையில் தங்கை, 'ரெண்டு வார்த்தை' என்று உதட்டை அசைத்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார் அக்கா. "நான் தூங்கறேன்."

யாருக்கும் புரியவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் தலையை ஆட்டி, "அதாவது, விழிப்பான தூக்கம்னு" என்று எடுத்துக்கொடுத்தார்.

"இல்லீங்க. தூக்கம்தான். கட்டையைப் போட்ட மாதிரி. கார் சத்தம் எனக்குக் கேக்கவே இல்ல."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"நீங்க சொல்லிக்குடுக்கறதை மதிக்கலன்னு நினைச்சுடாதீங்க. உங்களால எனக்கு நல்லது நடக்குது. மூச்சைப் பாக்கறப்ப மனசு அடங்குது. அப்படி அடங்கறதுனாலதான் தூக்கமே வருது. விடியக்காலை வகுப்புக்கு என்னால வர முடியாது. வரவும் மாட்டேன். ஆனா வாராவாரம் இங்க வருவேன். அந்த நாற்காலில உக்காருவேன். தூங்குவேன். யாருக்கும் தொந்தரவு இல்லாம."

"அப்ப நீங்க இதுல முன்னேற வேணாமாம்மா?" என்று கண்ணாடிக் கடைக்காரர் கேட்டார். கோபம் இல்லை. அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

"நாள் பூரா முன்னேறிக்கிட்டுத்தாங்க இருக்கேன். இங்கயாவது கொஞ்சம் நின்னுக்கறேன்."

சொல்லிவிட்டு யாருடைய பதிலுக்கும் காத்திருக்காமல் வரிசைகளுக்கு நடுவே நடந்தார். தங்கையைத் தாண்டும்போது அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சுவரோரமாகப் போய் உட்கார்ந்து, கையை மடியில் வைத்து, கண்ணை மூடினார்.

கண்ணாடிக் கடைக்காரர் இப்போது ஏதாவது சொல்லியாக வேண்டும். நான் அவருக்கு வசனம் தரப் போவதில்லை. அவர் எதைச் சொன்னாலும் அது பாடமாகிவிடும். பாடத்தின் கடைசி வரியில் அக்கா மறுபடி மாணவி ஆகிவிடுவார்.

8

தங்கை பாயிலிருந்து எழுந்து நிற்கிறாள். முகம் சிவந்திருக்கிறது. அவளுக்கு முன்னால் கண்ணாடிக் கடைக்காரர், பின்னால் சுவர், பக்கவாட்டில் கதவு. இத்தனை வருடம் பழகிய முதுகுவலி அவளோடு சேர்ந்து எழுந்து நிற்கிறது.

முன்னால் போய் அக்காவுக்காக மன்னிப்புக் கேட்கலாம். கதவைத் திறந்துகொண்டு போயே விடலாம். அல்லது பின்னால் போய், அக்காவுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு

இல்லை, இதை நான் முடிக்க மாட்டேன். மூன்றையும் எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்றிலும் தங்கை எனக்காகத்தான் நடக்கிறாள், அவளுக்காக நடக்கவில்லை. ஒருவேளை உங்களுக்கு அவளை என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கலாம். வருடக்கணக்காக நிமிர்ந்து உட்கார்ந்தும் யாரும் முன்னால் கூப்பிடாத ஒருத்தியை உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நீங்களே முடிவு செய்யுங்கள். அவள் எந்தப் பக்கம் போனாலும் எனக்குச் சம்மதம்.

ஆனால் எந்தப் பக்கம் நடக்கவைத்தாலும் மெதுவாக நடக்கவையுங்கள். அக்காவின் கீழுதடு வெளியே வந்துவிட்டது.