நிரை பிரித்த விரல்

பனி இன்னும் தேயிலைச் செடியை விட்டு இறங்கவில்லை. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் போட்டுவிட்டு, படங்குத் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பெண்கள் மலையேறினார்கள். கூடைக் கயிறு தலையை அறுத்தது. ஈர மண்ணில் கால் வழுக்கியது. வழக்கமாக இந்த ஏற்றத்தில் பேச்சுக்கும் சிரிப்புக்கும் குறைவிருக்காது. அன்று எல்லோருடைய காதும் மேட்டுச் சவுக்கு மரத்தின் மேலேயே இருந்தது.

அங்கே குளவிக்கூடு தொங்கியது. போன வாரம் அது கலைந்து, கூடக் கொழுந்து பறித்த இராக்கம்மாவை மொய்த்துவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் அவள் இன்னும் கண் திறக்காமல் கிடக்கிறாள்.

"அவ தலையெழுத்து" என்று லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். கூடையோடு ஏறிக்கொண்டிருந்த கலாராணியும் அப்படிச் சொல்லிப் பார்த்தாள். மனம் ஒப்பவில்லை. கூடு கலைந்த அன்று காலை, மரத்தடிச் செடிவரிசையான நிரையில் முதலில் நின்றவள் கலாராணிதான். கங்காணி வீரய்யா விரலை நீட்டி, "நீ கீழ போ. இராக்கம்மா, நீ இங்க வா" என்று மாற்றிவிட்டார். அந்த விரல் நீளாமல் இருந்திருந்தால்? பெண்கள் கூட்டை எடுக்கச் சொன்னபோதே தோட்டத்து ஆபீஸ் காதில் போட்டுக்கொண்டிருந்தால்? தலையில் எழுதியவன் இவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டா எழுதினான்?

பாதையில் ஜீப் வந்து நின்றது. தோட்டத்து மேனேஜர் தொரை இறங்கினார். மரத்துப் பக்கம் வரவில்லை.

"ஏன் நிக்கிறீங்க?"

"கூடு அப்பிடியே இருக்குங்க தொரை" என்றாள் கலாராணிக்கு அடுத்து நின்ற மயூரி.

"ஆள் வரச் சொல்லியிருக்கு. அதுவரைக்கும் கொழுந்து முத்திப் போகாதா? நான் யாரையும் கட்டாயப்படுத்தல. நிரையில எறங்குறது உங்க இஷ்டம். எறங்காதவங்க லயத்துக்குப் போகலாம். இன்னைக்குப் பேரும் இல்ல, சம்பளமும் இல்ல. அவ்வளவுதான்."

எப்பேர்ப்பட்ட சுதந்திரம்! ஒரு பக்கம் குளவி, மறுபக்கம் பட்டினி. பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

"நீ எறங்குறியா?" என்று தொரை ஒவ்வொருத்தியாகக் கேட்டார். தனியாகக் கேட்டால் தலை தானாக ஆடும் என்பது அவருக்குத் தெரியும். முதல் பெண்ணின் தலை ஆடியது. இரண்டாமவளுடையதும் ஆடியது. அடுத்தது கலாராணி. அவள் சவுக்கு மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். தொரை மறுபடியும் கேட்டார்.

"பயமா இருக்குங்க" என்றாள். "எல்லாருக்கும் பயந்தான். தனித்தனியா கேக்காதீங்க தொரை. சேத்து வச்சுக் கேளுங்க."

"சேத்துக் கேட்டா என்ன மாறப்போகுது?"

"கேட்டுத்தான் பாருங்களேன்."

தொரை முகம் கடுத்தது. "கங்காணி, பொலி போடு!"

கங்காணி பொலி கூவுவார். பெண்கள் பொலி என்று திருப்பிச் சொல்லிக் கொழுந்தில் கைவைப்பார்கள். தலைமுறை தலைமுறையாக வாயும் கையும் அப்படிப் பழகிப்போயிருந்தன.

வீரய்யா தொண்டையைச் செருமினார். "பொலியோ... பொலி..."

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தலையாட்டிய இருவரும்கூடத் திறக்கவில்லை. மரத்துக் குளவிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. கலாராணி மயூரியின் கையைப் பிடித்தாள். மயூரி அடுத்தவள் கையைப் பிடித்தாள்.

"இன்னொருக்கா போடு!"

நிரை காட்ட எழுந்த தன் விரலை வீரய்யா ஒரு கணம் பார்த்தார். கையைக் கீழே போட்டார். பெண்கள் பக்கம் வந்து நின்றுகொண்டார்.

"கூட்ட எடுங்க தொரை. அப்பறம் பொலி போடுறேன்" என்றார்.