ஏர்பேக் இருந்த இடம்

ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீ சிட்டியின் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவைக் கவனித்துவந்த தரணிக்கு, இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் மேல் வெகுநாள் ஆசை. திருப்பதியில் பழைய கார் விற்கும் அவளுடைய பெரியம்மா மகன் கிரண்குமார் ஒரு சிவப்பு வண்டியைக் காட்டினான்.

"ஆக்சிடெண்டே ஆவாத வண்டி தரணி. டாக்டரு ஒருத்தரு ஆசைக்கு வெச்சினு இருந்தாரு" என்றான். அண்ணன் சொல்கிறானே என்று வாங்கிவிட்டாள்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஸ்டியரிங்தான் சகிக்கவில்லை. மேல்தோல் இற்றுப்போய், உள்ளிருந்த நுரை வெயிலில் பிசினாக இளகியது. எத்தனை பேருடைய வியர்வையோ, கறுப்பு அழுக்காக விரலிடுக்கில் ஏறியது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோற்றில் கை வைக்கும்போது புளித்த வாடை வந்தது. அவள் ஸ்பூனால் சாப்பிட ஆரம்பித்தாள். உறை வாங்கிப் போட்டாள். அதன் தையல் வழியாகவும் பிசின் கசிந்தது.

ஸ்டியரிங்கையே மாற்றிவிடலாம் என்று புத்தூரில் மெக்கானிக் இஸ்மாயிலிடம் போனாள். அவர் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, சற்று நேரம் கழித்து ஸ்டியரிங்கின் நடு மூடியை நெம்பினார். எலிப் புழுக்கை அவர் மடியில் கொட்டியது. உள்ளே, எலி மூத்திரம் ஊறி மஞ்சளாகிப்போன பழைய பனியன் ஒன்று மடித்துத் திணிக்கப்பட்டிருந்தது. இஸ்மாயில் அதைக் குறடால் பிடித்து வெளியே இழுத்தார்.

"ஏர்பேக் இருக்க வேண்டிய எடம்மா இது. எங்கியோ பலமா மோதி வெடிச்சிருக்குது. மூடிய மட்டும் புதுசா மாட்டி, எச்சரிக்கை லைட்டு எரியாம இருக்க ஒயர்ல வேல பண்ணி வெச்சிக்கிறாங்க."

 இத்தனை நாளும் தரணி அந்தப் பனியனை நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டுதான் நெடுஞ்சாலையில் பறந்திருக்கிறாள்.

கழற்றிய ஸ்டியரிங்கையும் பனியனையும் ஒரு பையில் போட்டு, பஸ் ஏறித் திருப்பதி போனாள். கடையில் ஏர்பேடு என்ற ஊரிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் கைக்குழந்தையோடு ஒரு காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரணி பையை மேசைமேல் கவிழ்த்தாள். கிரண்குமார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

"சீ, எடு அத. சாப்புடற டேபிள்மா இது."

"நீ வித்ததுதான்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "எல்லாக் கடையிலயும் இப்டித்தான் நடக்குது. சீட்டு பெல்ட்டு போட்டுக்கோ, ஒண்ணும் ஆவாது. மேல ஒரு நல்ல கவர் போட்டுக் குடு, நானே வேற ஆளுக்குத் தள்ளி வுட்டுடறேன்."

சொல்லிவிட்டு, வந்தவர்கள் பக்கம் கண்ணைக் காட்டி, பேசாதே என்பதுபோல் தலையசைத்தான். அழுக்கைத் தொட்டதைவிட அந்தத் தலையசைப்பு அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தன்னையும் கூட்டுச் சேர்க்கிறான். தரணி அந்தப் பெண்ணிடம் போய், ஸ்டியரிங்கைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள் என்று தெலுங்கில் சொன்னாள். அந்தப் பெண் மேசையைப் பார்த்தாள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே நடந்தாள். கணவனும் பின்னால் போனான்.

தரணி வீடு வந்து சேர்வதற்குள் அம்மா வெங்கடம்மாவுக்குச் செய்தி போயிருந்தது.

"வெளியாளுங்க எதிர்ல அண்ணன அசிங்கப்படுத்தலாமா?"

"அசிங்கத்த நான் எடுத்துக்கினு போவல. அவன் குடுத்ததத் திருப்பிக் குடுத்தேன்."

அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. புது ஸ்டியரிங்கும் ஏர்பேக்கும் சென்னையிலிருந்து வந்தன. இஸ்மாயில் மோதலை உணரும் சென்சாரையும் மாற்றி, எல்லாவற்றையும் சோதித்துக் கொடுத்தார்.

அடுத்த மாதம் பிச்சாட்டூரில் உறவுக்காரக் குழந்தைக்குக் காது குத்து. பந்தியில் கிரண்குமார் தரணிக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்து, "இன்னும் கோவமா?" என்று சிரித்தபடி தன் இலையிலிருந்த மைசூர்பாகை எடுத்து அவள் இலையில் வைத்தான்.  தரணி இலையை மூடிவிட்டு எழுந்தாள். நாலு பேர் பார்த்தார்கள்.

திரும்பும்போது அம்மா முதல்முறையாக அந்தக் காரில் ஏறினாள். ஆரணியாற்றுப் பாலம் தாண்டியதும் கேட்டாள்.

"இந்த வண்டி மோதனப்போ உள்ள யாரு இருந்தாங்களாம்?"

"தெரியாதும்மா."

"அவன் கேட்டு வெச்சிருப்பானா?"

"கேட்டிருக்க மாட்டான்."

வெங்கடம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கி வெளியே துப்பினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.