இரண்டு மணிக்கொரு தடவை

மகளைப் புதைத்துப் பதினெட்டு நாளாகியும், இரண்டு மணிக்கொரு தடவை தையல்காரியின் கால்கள் தாமாக உள்ளறைக்குப் போயின. கட்டில் வெறுமையாகக் கிடக்கும். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மெஷினில் உட்காருவாள். பிறந்ததிலிருந்தே நடக்காத, பேசாத பிள்ளை. இருபத்திரண்டு வருஷம் ஊட்டி, துடைத்து, இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைத்து, உடம்பில் ஒரு புண் வராமல் காப்பாற்றினாள். நெஞ்சில் சளி கட்டி மூன்றே நாளில் போய்விட்டது. அடக்கத்துக்கு வந்த சபைக்காரர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள்: “இனிமே உனக்கு விடுதலைதான்.” அதோடு சபைப் பக்கம் அவள் தலைவைத்துப் படுக்கவில்லை.

அன்று மதியம் அதே சபையைச் சேர்ந்த நர்ஸ் வந்தாள். துணிக்குவியலை ஒதுக்கிவிட்டு, அவளே இடம் பண்ணி உட்கார்ந்தாள்.

“ஜெபத்துக்குக் கூப்பிட வந்தீங்கன்னா, நான் வரலக்கா.”

“அதுக்கில்ல. நம்ம போஸ்ட்மேன் ஐயா சம்சாரம் படுத்த படுக்கையாயிட்டாங்க. முதுகெல்லாம் புண்ணு. அவருக்குப் புரட்டத் தெரியல. நீ வந்து காட்டணும்.”

“நர்ஸ் நீங்களா, நானா?”

“நான் ஊசி போடுறவ. வீட்டுல ஒத்தை ஆளா ஒரு உடம்பைப் பாத்துக்கிறது எனக்கென்ன தெரியும்?”

மெஷின் நின்றது. “இருபத்திரண்டு வருஷம். ஒருத்தியாவது வந்து ஒரு பக்கம் பிடிச்சீங்களா? ‘உன் பொறுமை யாருக்கு வரும்’னு சொல்லிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போனீங்க. பொறுமையாம்!”

“யாரும் வரல. நானும் வரல,” என்றாள் நர்ஸ். கண்ணீர் வழிந்தது, அதைத் துடைத்துக்கொள்ளவில்லை. “நீ கேக்கலன்னு எங்களுக்கு நாங்களே சாக்கு சொல்லிக்கிட்டோம். மன்னிப்புக் கேக்கவும்தான் வந்தேன். நீ கதவைச் சாத்தினாலும் நியாயம்தான்.”

சண்டைக்கு அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் தையல்காரிக்கு நாக்கிலேயே கரைந்துபோயின. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

போஸ்ட்மேன் வீட்டு வாசலிலேயே படுத்த படுக்கையின் வாடை அடித்தது. அவளுக்குப் பழகிய வாடை. கிழவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். அவள் கட்டிலருகே போய், கிழவியின் ஒரு முழங்காலை மடக்கி, தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் கொடுத்தாள்.

“தூக்காதீங்கய்யா. உருட்டணும். இப்படி.”

உடம்பு உருண்டு அவள் கைமேல் சாய்ந்தது. பதினெட்டு நாளாக ஒன்றுமே தாங்காத கை.

கிழவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். “இன்னைக்குக் காலையில கர்த்தர்கிட்ட கேட்டேம்மா, இவளை எடுத்துக்கோன்னு. நாப்பது வருஷம் கூட வாழ்ந்தவளை. நானெல்லாம் ஒரு மனுஷனா?”

நர்ஸ் வாய் திறப்பதற்குள், “நானும் கேட்டேன்,” என்றாள் தையல்காரி.

கிழவர் அவள் பக்கம் திரும்பினார்.

“சளி கட்டறதுக்கு மொத நாள். முடியல ஆண்டவரே, எடுத்துக்கோங்கன்னு. எடுத்துக்கிட்டாரு.”

உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கையை எடுத்தால் கிழவி புண்மேல் சரிந்துவிடுவாள். அதனால் நின்றபடியே அழுதாள், மூக்கு ஒழுக ஒழுக. ஆறுதலாக ஒரு வசனமும் சொல்லாமல் நர்ஸ் பக்கத்தில் வந்து, அவள் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்தாள். கிழவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, சிறு பிள்ளைக்குத் துடைப்பதுபோல் தையல்காரியின் முகத்தைத் துடைத்துவிட்டார். நெஞ்சில் இருந்த பாரம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதன் ஒரு முனையை இப்போது வேறு யாரோ பிடித்திருந்தார்கள்.

“காலையில நான் வரேன்,” என்றாள் நர்ஸ். “சாயங்காலத்துக்குச் சபையில ஆள் சொல்றேன். சொல்றதென்ன, இழுத்துட்டு வரேன்.”

“மதியம் நான்,” என்றாள் தையல்காரி.

ஜன்னல் பக்கமாகத் திரும்பியிருந்த கிழவி கண்ணைத் திறந்தாள். பல நாளாகக் கூரையை மட்டுமே பார்த்துக் கிடந்தவள். உதடு மெல்ல அசைந்தது.

“என்ன சொல்றாங்க?”

கிழவர் குனிந்து காது கொடுத்தார். “மழை வருதாம். கொடியில துணி கிடக்காம்.”

அப்படியே வெளியே ஓடினார். ஜன்னல் வழியே மூன்று பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய பெரிய துளிகள் விழுந்தன. கிழவர் மனைவியின் புடவையைத் தலைமேல் போட்டுக்கொண்டு, மீதித் துணிகளை ஒவ்வொன்றாக உருவி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.