வருகைப் பதிவேட்டில் அப்பா

அவளுடைய அறைக் கதவில் அப்பாவின் பெயர் ஒட்டியிருந்தது.

விடுதிக் காவலாளி சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, கதவைக் காட்டி, பிறகு அவளைக் காட்டி, சரிதானே என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்து. அப்பாவின் பெயர் முழுதாக. அதன் வாலில் அவளுடைய பெயரின் முதல் எழுத்தும் ஒரு புள்ளியும். இருபத்திரண்டு வருஷமாக அவள் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாகப் புள்ளி வைத்துக்கொண்டு நின்றவர் அப்பா. இங்கே இடம் மாறியிருந்தது. அட்டையின் ஒரு மூலை ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்ததைத்தான் அவள் கவனித்தாள். விரலால் அழுத்தினாள். எடுத்ததும் மறுபடி தூக்கிக்கொண்டது. பெட்டியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

அப்பா இறந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

பெயர் இப்படி ஆனதற்குச் சித்தப்பாதான் காரணம். கோர்ட் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். விண்ணப்பம் நிரப்புவதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது அவர் எண்ணம். அவள் படிக்க வந்த வெளிநாட்டுக் கல்லூரியின் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விடலாமா என்று அவள் கேட்டாள். “கட்டத்தைக் காலியா விடக் கூடாதும்மா, கம்ப்யூட்டர் கோவிச்சுக்கும்” என்றார். “நமக்கு ஏது குடும்பப் பேரு? எங்கண்ணன்தான் குடும்பம். போடு.” பக்கத்தில் நின்ற அப்பா, உள்ளபடியே கூச்சப்பட்டுக்கொண்டு, “என் பேரு எதுக்குடா அங்கெல்லாம்” என்றார். அதுவும் எல்லாரும் சிரித்ததும் ஏழு மாதத்துக்கு முந்தைய கதை.

அப்பாவின் பெயர் வீட்டில் புழங்குகிற பெயரில்லை. அம்மா அதைச் சொல்லி அவள் கேட்டதே கிடையாது. ரேஷன் கடையிலும் பாங்கிலும் வீட்டுக்காரர் பெயரென்ன என்று கேட்டால், அம்மா அவள் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளி, “நீ சொல்லு” என்பாள். அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மின்வாரிய ஆபீசில் அவரோடு கம்பம் ஏறியவர்கள் மட்டும்தான். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று தெரிந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அந்த நண்பர்களே, ஒரு மணி நேரத்துக்குள், பாடியை எப்போது தருவார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் ‘அவரு’ ஆனார், ‘உங்கப்பா’ ஆனார், ‘போனவரு’ ஆனார். சித்தப்பா அச்சடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. தெருவில் நின்று பார்த்தவர்கள் மனசுக்குள் படித்துக்கொண்டு போனார்கள்.

காரியம் முடிந்த பத்தாம் நாள் அவளை விமானம் ஏற்றினார்கள். போகவில்லை என்று அவள் சொல்லவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை. டிக்கெட் இருந்தது, பெட்டி கட்டியிருந்தது, கார் வந்து நின்றது.

படிப்பு, தண்ணீர் சுத்திகரிப்பு. ஆனால் முதல் மூன்று மாதமும் அந்த நாட்டு மொழி மட்டும்தான். மொழி வகுப்புக்கு ஒரு நாள் விடாமல் வர வேண்டும் என்று சேர்க்கைக் கடிதத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒரு வாத்தியார் விடுப்பில் போயிருந்ததால் இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பெரிய கூடத்தில் உட்காரவைத்திருந்தார்கள். நாற்பத்துமூன்று பேர். பல தேசத்து முகங்கள். சுவரோரம் கொக்கிகளில் ஈரக் கோட்டுகள் தொங்கின. அவள் கடைசி வரிசையில், அறையைச் சூடேற்றும் குழாய்க்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் ஐம்பது வயதுக்காரி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். பதிவேட்டின் மேல் ஒரு மர ஸ்கேலை வைத்து, வரி வரியாக அதைக் கீழே நகர்த்திக்கொண்டே, தலை நிமிராமல் பெயர் கூப்பிடுவாள். குடும்பப் பெயர் மட்டும். பதில் வந்தால் ஒரு கோடு. வராவிட்டால் மறுபடி கூப்பிடுவாள். மூன்றாம் முறையும் பதில் இல்லையென்றால் பெருக்கல் குறி போட்டு ஸ்கேலை நகர்த்துவாள்.

திங்கட்கிழமை அந்தக் கூடத்தில் டீச்சர் அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

நடு எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, கடைசி எழுத்தை மெதுவாக இறக்கி வைத்தாள். யாரோ என்று அவள் நினைக்கவில்லை. அப்பா என்று நன்றாகவே தெரிந்தது. அவரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் முறை. மூன்றாம் முறை. பேனா கீறுகிற சத்தம். அடுத்த பெயர்.

செவ்வாயும் அதேதான். புதன்கிழமை டீச்சர் வரிசைக்கு ஒருவராக விரல் நீட்டிப் படிக்கச் சொன்னபோது கடைசி வரிசையில் அவளைக் காட்டினாள். அவள் எழுந்து, ரயில் நிலையம் எங்கே இருக்கிறது என்று கேட்கும் பாடத்தைத் தட்டுத் தடுமாறிப் படித்தாள். நன்றாக இருக்கிறது என்று டீச்சர் சொன்னாள். பதிவேட்டில் அன்றைக்கும் அவள் வரவில்லை.

அந்த நாட்களில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. அறைக்கு வருவாள், பெட்டியைத் திறக்காமலே அதன் வெளிப் பையில் இருந்த இரண்டு சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வாள், அம்மா கூப்பிட்டால், சாப்பிட்டேன், தூங்கினேன், குளிர் பரவாயில்லை என்பாள். அழவேண்டும் என்று தோன்றவில்லை. வீட்டிலும் அவள் அழவில்லை. ‘கல்லு மாதிரி நிக்கிறா பாரு’ என்று ஒரு அத்தை காதுபட சொன்னது சரிதான் என்றே பட்டது.

வியாழக்கிழமை மாலை தபால் பெட்டியில் மஞ்சள் காகிதம் ஒன்று கிடந்தது. அதிலும் அப்பாவின் பெயர். ஒரு வரியும் புரியவில்லை. அதே விடுதியின் மூன்றாம் மாடியில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். நாலு வருஷமாக அங்கே படிக்கிறவள். பால் வாங்கப் போனாலும் எல்லாச் சான்றிதழும் வைத்த ஃபைலோடுதான் போவாள் என்பதால் ஃபைல் அக்கா என்று பெயர். அவளிடம் கொண்டுபோனாள்.

ஃபைல் அக்கா நின்றபடியே படித்துவிட்டு, “நீ கிளாசுக்கே போகலையாமே?” என்றாள்.

“தினமும் போறேங்க்கா.”

“எங்க, பக்கத்து ஸ்கூலுக்கா? நாலு நாளா ஆளையே காணோம்னு போட்டிருக்கான். நாளைக்கும் வரலைன்னா அஞ்சு நாள் கணக்கு. பேர அடிச்சிடுவாங்க. பெர்மிட் ஆபீசுக்கும் எழுதிடுவாங்க. அப்புறம் வந்த வழியே போக வேண்டியதுதான்.”

நடந்ததைச் சொன்னாள். அது அப்பா பெயர் என்பதால் பதில் சொல்லவில்லை என்றாள். ஃபைல் அக்கா கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள்.

“அடியே, எங்கப்பா எட்டாங்கிளாசோட நிறுத்தினவரு. இந்த ஊர்ல நாலு வருஷமா இஞ்சினீரிங் படிக்கிறாரு. போன வருஷம் கணக்குல ரெண்டு பேப்பர் போச்சு. ஃபோன் பண்ணி, ‘ஃபெயிலாயிட்டீங்கப்பா’ன்னேன். ‘நான் அப்பவே கணக்குல வீக்குதாம்மா’ங்கிறாரு.”

பிறகு வேலையைப் பார்த்தாள். அலுவலகத்தில் ஒரு மனு உண்டு. பெயரை முன்பின் மாற்றித் தருவார்கள். மூன்று வாரம் ஆகும். அதுவரைக்கும் கூப்பிட்ட குரலுக்கு ஒரே ஒரு வார்த்தை, ‘இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை மஞ்சள் காகிதத்தின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். ஃபைலை மூடிக்கொண்டே, “உங்கப்பாகிட்ட சொல்லு. உங்க அட்டெண்டன்ஸ் மோசம்னு வார்னிங் வந்திருக்குன்னு” என்றாள்.

“அவரு இல்லக்கா.”

ஃபைல் அக்காவின் கை நின்றது. “எப்போ?”

“போன மாசம்.”

அக்கா ஃபைலைத் திறந்தாள், எதையோ தேடுவதுபோல இரண்டு தாளைப் புரட்டினாள், மறுபடி மூடினாள். பிறகு, “எத்தனை தடவ கூப்பிடுவாங்க, அந்தம்மா?” என்று கேட்டாள்.

“மூணு.”

“கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தியா?”

அதுவரை அவளுக்கே அது தெரியாது. கேட்ட பிறகுதான், காலையில் சீக்கிரமே போய் உட்கார்ந்திருந்ததும், ஸ்கேல் நகர நகரத் தனக்குக் காது மட்டும் விழித்துக்கொண்டதும், மற்ற நேரமெல்லாம் பஞ்சு அடைத்ததுபோல இருந்ததும் தெரிந்தது. பதில் சொன்னால் டீச்சர் கூப்பிடுவதை நிறுத்திவிடுவாள். அவ்வளவுதான் விஷயம்.

“சரி, கேட்டுக்கோ” என்றாள் ஃபைல் அக்கா. “ஆனா நாளைக்கு மூணாவதுக்காவது சொல்லிடு.”

வெள்ளிக்கிழமை அவள் எல்லாருக்கும் முன்னால் போனாள். குழாய் இன்னும் சூடேறவில்லை. அந்த ஒற்றை வார்த்தையை வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டும் கேட்டுக்கொள்வது, மூன்றாவதுக்கு வாயைத் திறப்பது என்று முடிவு. ஆட்கள் வந்தார்கள், கோட்டுகள் தொங்கின, ஸ்கேல் நகர்ந்தது.

டீச்சர் அப்பாவின் பெயரைச் சொன்னாள். ஒரு முறை. அந்த வரிசையில் ஏற்கெனவே நான்கு பெருக்கல் குறிகள் இருந்திருக்க வேண்டும். வராத ஆளை எத்தனை நாள்தான் கூவிக்கொண்டிருப்பாள்? இரண்டாம் முறை கூப்பிடவில்லை. பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனாள்.

கடைசி வரிசையில் இவள் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து குழாயில் மோதிப் பெருஞ்சத்தம் போட்டது. அந்த வார்த்தையைச் சொன்னாள். தேவைக்கு மேல் உரக்க வந்தது. தெருவில் போகிறவனைக் கூப்பிடுகிற குரல். நாற்பத்திரண்டு தலைகளும் திரும்பின.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினாள். புதன்கிழமை ரயில் நிலையம் படித்த பெண் என்று அடையாளம் கண்டுகொண்டாள். பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசி வரிசை வரைக்கும் நடந்துவந்தாள். என்னவோ கேட்டாள், நீளமான கேள்வி. ஏன் என்கிற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. அதற்குப் பதில் சொல்ல இவளிடம் ரயில் நிலையமும், ரொட்டிக் கடையும், மழை பெய்கிறதும்தான் இருந்தன.

டீச்சர் அந்த வரியில் விரல் வைத்துக் காட்டி, பெயரை இன்னொரு தடவை சொன்னாள். இந்த முறை கேள்வியாக, அவள் முகத்தைப் பார்த்து.

“இருக்கேன்” என்றாள் அவள், அந்த மொழியில்.

டீச்சர் இவள் மேஜையிலேயே குனிந்து, நான்கு பெருக்கல் குறிகளையும் ஒவ்வொன்றாகச் சுழித்து, பக்கத்தில் கோடு போட்டாள். ஒவ்வொரு கட்டத்திலும் திருத்தத்துக்கு ஒரு சின்னக் கையெழுத்து. ஐந்தாவது கட்டத்தில் வெறும் கோடு. பிறகு தன் இடத்துக்குப் போய் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். அவள் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அன்றைக்குப் பாடம் வாரத்தின் கிழமைகள்.

சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். சாப்பாடு, தூக்கம், குளிர் மூன்றும் முடிந்தன. அங்கே பிள்ளைகள் உன்னை என்னவென்று கூப்பிடுகிறார்கள், உன் பெயர் அவர்கள் வாயில் நுழைகிறதா என்று அம்மா கேட்டாள்.

“என் பேரச் சொல்றதில்லம்மா. அப்பா பேரச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. சித்தப்பா எழுதினது.”

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. மூன்று வாரத்தில் மாற்றித் தருவார்கள், மனு கொடுக்க வேண்டும் என்று சொல்லி முடித்தாள்.

“மாத்தணுமா?” என்றாள் அம்மா. பதிலுக்குக் காத்திராமல், “எப்படிக் கூப்பிடுறாங்க?” என்றாள்.

“எப்படின்னா?”

“சொல்லிக் காட்டேன்.”

அவள் சொன்னாள். டீச்சர் சொல்கிற மாதிரியே, நடுவில் இழுத்து, கடைசியில் மெதுவாக இறக்கி.

“அப்படி இல்லடி” என்றாள் அம்மா சட்டென்று.

எப்படி என்று சொல்லிக்கொடுக்க வேண்டுமானால் அம்மா அதைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கம் இவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். அம்மா மூச்சை இழுப்பது கேட்டது.

“சரி விடு” என்றாள் அம்மா. “அவங்க வாய்க்கு வர்ற மாதிரிதான வரும்.”

திங்கட்கிழமையிலிருந்து டீச்சர் அந்தப் பெயரை ஒரு முறைதான் கூப்பிட்டாள். அவள் உடனே பதில் சொன்னாள். மனு கொடுக்கவில்லை.