பத்து எண்ணி விசிறி

பெகாயிம் கணினியில் நிரலின் கடைசி வரியைத் தட்டிக்கொண்டிருந்தபோது, முற்றத்துக் கம்பளிக் கூடாரத்தில் அத்தை சாலிமாவின் ஒப்பாரி நின்றது. மறுகணம் அத்தையே வாசலில் வந்து நின்றாள்.

"அங்க உங்கத்தா மையித்தா கிடக்காரு. மவ பொட்டியத் தட்டிக்கிட்டிருக்கா. ஊர் என்னடி சொல்லும்?"

"ஊர் இருந்தாத்தானே அத்தை சொல்லும்?"

மலைமேல் பனிப்பாறைக்கு அடியில் ஓர் ஏரி. அது உடையப் பார்த்தால் இந்தக் கணினிதான் அபாயச் சங்கை ஊதும். மின்சாரம் போய் வந்தால் கணினி தானாக எழுந்துவிடும். அதன் விசிறி மட்டும், கட்டளை கொடுத்தால்தான் சுற்றும். கால் மணி தாமதித்தால் சூடேறி எல்லாம் அணைந்துவிடும். பதினொரு வருஷமாக அவள் தந்தை ஜோல்தோஷ்தான், சாப்பிட்ட கையோடு எழுந்தோடிக் கட்டளை கொடுத்தார். தானாகச் சுற்றும்படி நிரல் எழுதித் தரட்டுமா என்று நகரத்திலிருந்து வரும்போதெல்லாம் கேட்பாள். "அதுவே பாத்துக்கிட்டா அப்புறம் நான் எதுக்கும்மா?" என்று சிரிப்பார்.

முந்தாநாள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

இன்று ஜூலை வெயில், பனி உருகி ஏரி நிரம்பும் நாள். உச்சிப்பொழுதில் ஊர் ஆண்கள் அத்தனை பேரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து, அடக்கம் செய்ய மையவாடிக்குப் போவார்கள். பெண்கள் கூடாரத்தை விட்டு அசையக் கூடாது. காலையிலிருந்து இரண்டு முறை மின்சாரம் போய்விட்டது.

சித்தப்பா சாபிரிடம் மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றச் சொன்னாள். கணினி எழுந்தது. விசிறி அசையவில்லை.

வரிகளை மூன்று தரம் படித்தாள். பிழையில்லை.

"அண்ணன் உடனே கட்டளை குடுக்க மாட்டாரே," என்றார் சாபிர். "வாய்க்குள்ள என்னமோ முணுமுணுப்பாரு. ஓதுறாருன்னு நெனச்சேன்."

திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த தாளை அப்போதுதான் பார்த்தாள். பென்சில் எழுத்து: பத்து எண்ணு, பிறகு விசிறி. விசிறியை இயக்கும் வெப்பமானி விழித்துக்கொள்ள அவ்வளவு நேரம் வேண்டியிருந்தது. கட்டளைக்கு முன்னால் பத்து விநாடிக் காத்திருப்பைச் சேர்த்தாள். மறுபடி சோதித்துப் பார்க்க நேரமில்லை, தொழுகைக்கு அழைத்துவிட்டார்கள்.

சந்தூக்கைத் தூக்கியபோது பெண்கள் கூடாரச் சுவரைப் பார்த்து அமர்ந்து குரலெடுத்தார்கள். பெகாயிம் மட்டும் தலைக்குமேல் தொங்கிய விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் பாலத்தை நெருங்கும் நேரத்தில் அது அணைந்தது. சற்றுப் பொறுத்து மீண்டும் எரிந்தது.

அவள் உதடுகள் அசைந்தன. எட்டு. ஒன்பது. பத்து.

வீட்டு ஜன்னல் வழியே அந்தப் பழைய விசிறியின் கரகரப்பு கேட்டது.

பெகாயிம் சுவர்ப்பக்கம் திரும்பி அமர்ந்து, முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.